எட்டு கேமராவும் திணறாமல் ஓடியது இப்படித்தான்

எங்கள் அரிசி மண்டியில் எட்டு கண்காணிப்பு கேமரா. அலுவலகக் கம்ப்யூட்டரில் எட்டையும் ஒன்றாகத் திறந்தால் போதும், விசிறி இரைய ஆரம்பித்துவிடும். வாசல் கேமராவில் லாரி கேட்டருகே உறைந்து நிற்கும். எட்டிப் பார்த்தால் உள்ளே வந்து மூட்டை இறக்கிக்கொண்டிருப்பார்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியு 98 சதவீதம்.

ரேம் போதவில்லை என்று நினைத்து 8 ஜிபி கூடுதலாகப் போட்டேன். பலனில்லை. சுமை முழுக்க டிகோடிங்கில், அதாவது கேமரா சுருக்கி அனுப்பும் வீடியோவைப் படமாகப் பிரிப்பதில் இருந்தது. 2560×1440 அளவுப் படங்கள் எட்டையும் முழுதாகப் பிரித்துவிட்டு, உள்ளங்கை அளவுக் கட்டத்துக்குச் சுருக்கிக்கொண்டிருந்தது. அதற்கு எதற்கு அத்தனை பிக்சல்? கட்டங்களுக்கு சப்ஸ்ட்ரீம் (அதே கேமரா கூடவே அனுப்பும் சின்ன அளவு வீடியோ) வைத்தேன்: 640×480, நொடிக்கு 12 ஃபிரேம். ஒன்றைப் பெரிதாக்கும்போது மட்டும் முழு அளவு மெயின் ஸ்ட்ரீம். பதிவு பழையபடி முழுத் தரத்திலேயே நடக்கிறது.

அப்புறம் இன்னொன்று. எங்களுடையது நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5. எச்.264, எச்.265 இரண்டும் வீடியோவைச் சுருக்கும் முறைகள். அதன் கிராஃபிக்ஸ் எச்.264-ஐ எளிதாகப் பிரிக்கும், எச்.265-ஐ முழுதாக கிராஃபிக்ஸிலேயே பிரிக்கும் வசதி ஐ5-களில் ஆறாம் தலைமுறையில்தான் வந்தது. சப்ஸ்ட்ரீமை எச்.264-க்கு மாற்றி, மென்பொருளில் ஹார்ட்வேர் டிகோடிங்கை (பிரிக்கும் வேலையை சிபியுவுக்குப் பதில் கிராஃபிக்ஸிடம் விடுவது) ஆன் செய்தேன். இப்போது சிபியு 20 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. லாரி கேட்டில் திரும்புவது திரும்பும்போதே தெரிகிறது.