பிடி (ஃபிசிக்கல் தெரபி) ஸ்கூல் சீட்டு "லாக் ஆயிடுச்சு"ன்னு நினைச்சு பண்ற தப்புகள்

போன பொங்கல் பாட்லக்ல ஒரு அம்மா எங்கிட்ட வந்து, "பொண்ணுக்கு பிடி ஸ்கூல் சீட்டு லாக் ஆயிடுச்சுங்க, ஆறே வருஷம், டாக்டரா வெளிய வந்துருவா"ன்னு அவ்ளோ சந்தோஷமா சொன்னாங்க. வாழ்த்து சொல்லிட்டு நான் கேட்ட முதல் கேள்வி, "லெட்டர்ல எவ்ளோ ஜிபிஏ, அதாவது மார்க் சராசரி, மெயின்டெய்ன் பண்ணணும்னு போட்டிருக்கான்?" அவங்களுக்குத் தெரியல. அவங்களைக் குத்தம் சொல்லல, என் பையன் 3+3ல (மூணு வருஷம் டிகிரிப் படிப்பு, மூணு வருஷம் பிடி) சேர்ந்தப்ப எனக்கும் தெரியாது, லெட்டர் வந்த அன்னைக்கே திருச்சிக்கு போன் போட்டு ஊரையே கூட்டிட்டோம், கண்டிஷன் பக்கத்தை மூணு மாசம் கழிச்சுதான் படிச்சோம். அதான் இதை எழுதறேன். இது அமெரிக்காவுல அண்டர்கிராட் (பேச்சலர்ஸ் டிகிரி) படிக்கிற, இல்ல படிக்கப் போற பிள்ளைங்களுக்கும் அவங்க அப்பா அம்மாக்களுக்கும்.

முதல்ல ஊர்க் குழப்பத்தைத் தீத்துக்குவோம். நம்ம ஊர்ல ப்ளஸ் டூ முடிச்சதும் நேரா பிபிடி (பிசியோதெரபி பேச்சலர்ஸ்) சேரலாம், நாலு வருஷம், மேல இன்டர்ன்ஷிப், முடிஞ்சுது. இங்க அப்படி கிடையாது. பிடிங்கிறது இங்க டிகிரிக்கு மேல படிக்கிற படிப்பு, 2016ல இருந்து அக்ரெடிட்டேஷன் (அங்கீகாரம்) இருக்கிற எல்லா பிடி ப்ரோக்ராமும் டிபிடிதான் (டாக்டர் ஆஃப் ஃபிசிக்கல் தெரபி), பழைய மாஸ்டர்ஸ் எல்லாம் போயாச்சு. சாதாரணமா பாத்தா 4+3, டிகிரி நாலு டிபிடி மூணு, ஏழு வருஷம். அதுல ஒரு வருஷத்தைக் குறைக்கவோ, சீட்டை முன்னாடியே பிடிச்சு வைக்கவோ வந்ததுதான் இந்த எர்லி அட்மிஷன் வழிகள் எல்லாம். சித்தப்பா போன்ல "எதுக்கு ஏழு வருஷம், இங்க வந்து சேத்துவிடு"ன்னு சொல்லத்தான் செய்வாரு, அது வேற கதை.

எல்லாரும் பண்ற பெரிய தப்பு, "எர்லி"ன்னு எழுதியிருந்தா எல்லாம் ஒண்ணுதான்னு நினைக்கிறது. ஒண்ணே கிடையாது. ஹைஸ்கூல்ல இருந்தே சேர்றது ஒரு வழி, டைரக்ட் அட்மிட்னு சொல்லுவாங்க, மூணு வருஷம் அண்டர்கிராட் மூணு வருஷம் டிபிடி ஒரே யுனிவர்சிட்டில, மார்க்கெட், செயின்ட் லூயிஸ், டுக்கேன், இத்தாக்கா காலேஜ் இவங்கெல்லாம் இதுல பேர் போனவங்க. இன்னொண்ணு, பிடி ஸ்கூலே இல்லாத ஒரு காலேஜ் வேற ஒரு பிடி ஸ்கூலோட ஒப்பந்தம் போட்டு வச்சிருக்கும், மூணு வருஷம் இங்க படிச்சிட்டு அங்க போகணும். இந்த ஒப்பந்தத்துலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க, ஏன்னா பல ஒப்பந்தத்துல உறுதி பண்றது சீட்டை இல்ல, இன்டர்வியூவை மட்டும்தான், இல்லன்னா "வருஷத்துக்கு இத்தனை பேர் வரைக்கும்"னு இருக்கும், அந்த "வரைக்கும்"ல பூஜ்யமும் அடக்கம். மூணாவது, எர்லி அஷ்யூரன்ஸ், காலேஜ் சேர்ந்தப்புறம் ரெண்டாவது மூணாவது வருஷத்துல தன்னோட யுனிவர்சிட்டி பிடி ஸ்கூலுக்கே முன்கூட்டி அப்ளை பண்ணி சீட்டு வாங்கி வச்சுக்கறது, இதுல நிறைய இடத்துல வருஷம் ஒண்ணும் குறையாது, டென்ஷன்தான் குறையும். நாலாவது, பிடிகேஸ்ல வர்ற எர்லி டிசிஷன். பிடிகேஸ்ங்கிறது பெரும்பாலான பிடி ஸ்கூல்களுக்கும் சேத்து ஒரே இடத்துல அப்ளை பண்ற போர்ட்டல், எர்லி டிசிஷன்னா ஒரே ஒரு ஸ்கூலுக்குப் போட்டு, அவங்க பதில் சொல்ற வரைக்கும் வேற எங்கயும் போடாம இருந்து, சீட்டு குடுத்தா கட்டாயம் சேரணும். மனசுக்குள்ள "அங்கதான் போவேன், வேற எங்கயும் வேண்டாம்"னு இருக்கிறவனுக்கு சரி, ஸ்காலர்ஷிப் ஒப்பிட்டுப் பாத்து சேரணும்னு நினைக்கிறவன் இதைத் தொடவே கூடாது.

இப்ப கண்டிஷன் பக்கம். இதுலதான் ரொம்ப நேரம் செலவு பண்ணணும், ஏன்னா சீட்டு போறது பெரும்பாலும் இங்கதான். எங்க வீட்டுக்கு வந்த பேப்பர்ல முதல் பக்கம் முழுக்க வாழ்த்து, யுனிவர்சிட்டி முத்திரை, கையெழுத்து, அழகா ஃப்ரேம் போடலாம். கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல, மொத்த ஜிபிஏ இவ்ளோ, சயின்ஸ் ஜிபிஏ தனியா இவ்ளோ, எந்த ப்ரீரெக் பாடத்துலயும் (டிபிடிக்கு முன்னாடி முடிச்சே ஆகவேண்டிய பாடம்) சி மைனஸ் வரக்கூடாது, ப்ரீரெக் பாடத்தை ஒரு தடவைக்கு மேல ரிப்பீட் பண்ணக் கூடாது, எல்லாம் இந்த செமஸ்டருக்குள்ள முடிச்சிருக்கணும்னு இருந்துச்சு. பையன் ஜிபிஏ நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அந்த ஜிபிஏவை அவன் சைக்காலஜி, கம்யூனிகேஷன் மாதிரி பாடத்துல ஏத்தி வச்சிருந்தான், சயின்ஸ் ஜிபிஏன்னு ஒண்ணு தனியா இருக்குன்னு தெரிஞ்சப்ப கெமிஸ்ட்ரி ரெண்டுல ஏற்கனவே ஒரு பி மைனஸ் உக்காந்திருந்துச்சு. தப்பிச்சுட்டான், ஆனா அந்த ஒரு செமஸ்டர் வீட்ல யாரும் சரியா தூங்கல. ஸ்கூலுக்கு ஸ்கூல் நம்பர் மாறும், சில இடத்துல 3.0, சில இடத்துல அதுக்கும் மேல, அதனால பக்கத்து வீட்டுக்காரங்க சொன்ன நம்பரை நம்பாதீங்க, உங்க பேப்பர்ல இருக்கிறதுதான் உங்க நம்பர். இன்னொரு விஷயம், ஒரு செமஸ்டர் கீழ போனா ப்ரொபேஷன் குடுப்பானா, இல்ல அன்னைக்கே சீட்டு போயிடுமான்னு எழுத்துல கேட்டு வாங்கி வச்சுக்கோங்க.

"போனா போகுது, வெளிய பிடிகேஸ் வழியா அப்ளை பண்ணிக்கலாம்"னு சிலர் தைரியமா இருப்பாங்க. அப்படி இருக்கிறவங்க பிடிகேஸ் கணக்கு போடற விதத்தைத் தெரிஞ்சுக்கணும். உங்க காலேஜ்ல ஒரு பாடத்தை ரிப்பீட் பண்ணா பழைய மார்க்கை அழிச்சிட்டு புதுசைப் போடலாம், பிடிகேஸ் அழிக்காது, எடுத்த ஒவ்வொரு தடவையையும் கணக்குல சேக்கும். நாலு கிரெடிட் அனாட்டமில சி வாங்கி, திரும்ப எடுத்து ஏ வாங்கினா காலேஜ் ட்ரான்ஸ்கிரிப்ட்ல 4.0 மாதிரி இருக்கும், பிடிகேஸ்ல அது 3.0தான். ஹைஸ்கூல்ல படிக்கிறப்ப கம்யூனிட்டி காலேஜ்ல டூயல் என்ரோல்மென்ட்ல எடுத்த பாடமும் இதுல வரும், படிச்ச ஒவ்வொரு காலேஜ் ட்ரான்ஸ்கிரிப்டும் குடுத்தாகணும், பதினாறு வயசுல விளையாட்டா எடுத்த காலேஜ் அல்ஜீப்ரா கூட பல வருஷம் கழிச்சு வந்து நிக்கும். நம்ம ஆளுங்க பிள்ளைங்களை டூயல் என்ரோல்மென்ட்ல அள்ளிப் போடறதைப் பாக்கறப்பெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

ஏபியும், அதாவது ஹைஸ்கூல்லயே எழுதற காலேஜ் லெவல் பரீட்சையும், அதே மாதிரிதான். ஏபி பயாலஜில 5, ஏபி கெமிஸ்ட்ரில 5, ரெண்டு செமஸ்டர் மிச்சம்னு நினைப்போம். சில பிடி ஸ்கூல் சயின்ஸ் ப்ரீரெக்குக்கு ஏபி கிரெடிட்டை ஏத்துக்காது, லேபோட காலேஜ்ல எடுன்னு சொல்லும், சில ஸ்கூல் அதுக்கு மேல ஒரு கோர்ஸ் எடுத்தா ஒத்துக்கும். உங்க அண்டர்கிராட் காலேஜ் ஏத்துக்கிட்டதுக்கும் பிடி ஸ்கூல் ஏத்துக்கறதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஃபிசிக்ஸ்லயும் ஒரு கண்ணி இருக்கு, சயின்ஸ் படிக்காதவங்களுக்குன்னு ஒரு லேசான ஃபிசிக்ஸ் கோர்ஸ் நிறைய காலேஜ்ல இருக்கும், அதை எடுத்துட்டு வந்தா பல இடத்துல செல்லாது. 3+3ல இது எதுக்கு ரொம்ப முக்கியம்னா, மூணே வருஷத்துக்குள்ள பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், அனாட்டமி, ஃபிசியாலஜி, ஸ்டாடிஸ்டிக்ஸ், சைக்காலஜி எல்லாம் அடங்கணும், ஒண்ணு தள்ளிப் போனா அதைப் பிடிக்க நாலாவது வருஷம்னு ஒண்ணு இல்ல.

அப்சர்வேஷன் அவர்ஸ், அதாவது ஒரு பிடி வேலை பண்றதைக் கூட இருந்து பாக்கிற மணி நேரம், அதைப் பத்தி ஒரு சின்ன கதை. பையன் ஒரு அவுட்பேஷன்ட் கிளினிக்ல வாரத்துக்கு ரெண்டு நாள் போய் உக்காந்தான், முழங்கால் சர்ஜரி பண்ணவங்க, தோள் புடிச்சவங்க, ஒரு வயசான தாத்தா தினமும் அதே பேரலல் பார்ல நாலு அடி நடந்துட்டு "இன்னைக்குப் போதும்"பாராம். நல்லா கத்துக்கிட்டான், ஆனா மணிக்கணக்கை எல்லாம் போன் நோட்ஸ்ல எழுதி வச்சிட்டு கையெழுத்து அப்புறம் வாங்கிக்கலாம்னு விட்டுட்டான். எட்டு மாசம் கழிச்சுப் போனா அந்த தெரபிஸ்ட் வேற ஸ்டேட்டுக்குப் போயாச்சு, முன்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்கு இவனை யாருன்னே தெரியல. அறுபது சொச்சம் மணி நேரம், ஒரு கையெழுத்துக்காக லிங்க்ட்இன்ல ஆளைத் தேடிக் கண்டுபிடிச்சு கெஞ்ச வேண்டியதாப் போச்சு. போற இடத்துல அந்த மாசமே கையெழுத்து வாங்கிருங்க. அதே மாதிரி எல்லா மணி நேரத்தையும் ஒரே ஸ்போர்ட்ஸ் கிளினிக்ல போட்டுடாதீங்க, சில ஸ்கூல் ஹாஸ்பிடல் உள்நோயாளி பக்கமும் பாத்திருக்கணும்னு கேக்கும், சில ஸ்கூல் அவர்ஸே கேக்காது. கேக்காட்டியும் போங்கன்னுதான் சொல்லுவேன், பதினேழு வயசுல ஆறு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்த வேலை எப்படி இருக்குன்னு ஒரு வாரமாவது கண்ணால பாக்க வேணாமா.

சிபாரிசுக் கடிதம்? குடும்ப நண்பர் டாக்டர் அங்கிள் கிட்ட வாங்காதீங்க. கூட நின்னு பாத்த பிடி கிட்ட ஒண்ணு, பாடம் எடுத்த சயின்ஸ் ப்ரொஃபசர் கிட்ட ஒண்ணு. அவ்ளோதான்.

காசு விஷயத்துக்கு வருவோம், இதைத்தான் யாரும் கேக்கறதில்ல. 3+3ல நாலாவது வருஷம் வந்ததும் பிள்ளை அண்டர்கிராட்டா, இல்ல மேல்படிப்பு படிக்கிற கிராட்டா? பல இடத்துல அன்னைக்கே கிராட் கணக்குல போயிடுவான், அப்படிப் போனா நாலு வருஷத்துக்குன்னு குடுத்த மெரிட் ஸ்காலர்ஷிப் மூணோட நிக்கும், பெல் கிராண்ட் (வருமானம் குறைஞ்ச குடும்பத்து அண்டர்கிராட் பிள்ளைங்களுக்கு அரசு குடுக்கிற உதவித்தொகை) வாங்கற பிள்ளையா இருந்தா அதுவும் நிக்கும், ஃபீஸ் மட்டும் டிபிடி ஃபீஸா ஏறிடும். "ஒரு வருஷ ஃபீஸ் மிச்சம்"னு சொல்றவங்க இதைக் கழிச்சுட்டு சொல்றதில்ல. ஃபைனான்ஷியல் எய்ட் ஆஃபீஸ்ல இதை ஒரே வரியில ஈமெயில்ல கேட்டு பதிலை எடுத்து வைங்க, போன்ல கேட்டா ஆளுக்கொரு பதில் சொல்லுவாங்க, நான் பட்டது.

இதுல புதுசா ஒண்ணு சேந்திருக்கு. இதுக்கு முன்னாடி கிராட் ப்ளஸ்னு ஒரு ஃபெடரல் லோன் இருந்துச்சு, மத்த உதவி போக மீதி ஆகற செலவு எவ்ளோன்னாலும் வாங்கலாம். 2025 ஜூலைல போட்ட சட்டப்படி 2026 ஜூலை 1ல இருந்து புதுசா வாங்கறவங்களுக்கு அது கிடையாது. கிராட் படிப்புக்கு வருஷம் 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம், "ப்ரொஃபஷனல்" டிகிரின்னா வருஷம் 50,000, மொத்தம் ரெண்டு லட்சம். பேரு டாக்டர் ஆஃப் ஃபிசிக்கல் தெரபி, அப்ப ப்ரொஃபஷனல்தானேன்னு நினைப்போம். 2025 நவம்பர்ல கல்வித் துறையோட கமிட்டி ஒத்துக்கிட்ட பட்டியல்ல மெடிசின், டென்டல், லா, பார்மசி எல்லாம் இருந்துச்சு, நர்சிங்கும் பிடியும் இல்ல. சேர்றதுக்கு முன்னாடி அன்னைக்கு இருக்கிற ரூல் என்னன்னு பாத்துட்டுக் கணக்குப் போடுங்க, ஏன்னா பல ப்ரைவேட் ஸ்கூல்ல டிபிடி ட்யூஷன் மட்டுமே லட்சம் டாலரைத் தாண்டும், பிடிங்களோட நடுத்தர சம்பளம் 2024 அரசு கணக்குப்படி 1,01,020 டாலர். கஷ்டமான கணக்கு இல்ல, ஆனா போட்டுப் பாத்தாகணும்.

ஹெச்4ல, அதாவது அப்பா இல்ல அம்மாவோட வேலை விசாவைச் சார்ந்து இருக்கிற பிள்ளைங்களுக்கு இன்னும் ஒரு சிக்கல், எந்த ப்ரோஷர்லயும் இருக்காது. ஆறு வருஷப் படிப்புன்னா பதினெட்டுல ஆரம்பிச்சு இருபத்திநாலு. நடுவுல 21 வருது, அதோட ஹெச்4 முடியுது, கிரீன் கார்டு க்யூவுல நம்ம நாட்டு நிலைமை உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள வராட்டி எஃப்1 ஸ்டூடன்ட் விசாவுக்கு மாத்தணும். அந்த மாத்தம் சரியா டிபிடி ஆரம்பிக்கிற வருஷத்துல, தலைக்கு மேல அனாட்டமி டிசெக்ஷன் லேப் இருக்கிறப்ப வந்து விழும். ஹெச்4க்கும் ஃபெடரல் லோன் கிடையாது, எஃப்1க்கும் கிடையாது. அதனால சேர்றதுக்கு முன்னாடியே இன்டர்நேஷனல் ஆஃபீஸ்ல "இந்த சீட்டு எஃப்1 ஸ்டூடன்ட்டுக்கும் செல்லுமா, நடுவுல ஸ்டேட்டஸ் மாறினா ஃபீஸ் மாறுமா"ன்னு கேக்கணும், ஸ்டேட் யுனிவர்சிட்டின்னா இன்ஸ்டேட் ரேட் (அந்த ஸ்டேட்ல இருக்கிறவங்களுக்கான குறைஞ்ச ஃபீஸ்) போயிடுமான்னும் சேத்து.

அப்புறம், பாதியில இறங்கினா என்ன ஆகும். பெரும்பாலான 3+3ல பேச்சலர்ஸ் டிகிரி மூணு வருஷம் முடிச்ச அன்னைக்கு கைக்கு வராது, டிபிடி முதல் வருஷப் பாடத்தை எல்லாம் சேத்துதான் நாலாவது வருஷக் கடைசியில குடுப்பாங்க. அந்த முதல் வருஷத்துல ஃபெயில் ஆனாலோ, இது எனக்கு வேண்டாம்னு தோணினாலோ, கையில மூணு வருஷ கிரெடிட்டும் கடனும் இருக்கும், டிகிரி இருக்காது. ஒப்பந்த வழியில போனவங்களுக்கு இன்னும் மோசம், பழைய காலேஜை விட்டு வந்தாச்சு, திரும்பப் போய் மீதியை முடிக்க முடியுமான்னு அங்க கேட்டுத்தான் தெரியும். "வெளிய வர்றதா இருந்தா எந்த மேஜர்ல, எத்தனை செமஸ்டர்ல டிகிரி முடிக்கலாம்"னு சேர்ற அன்னைக்கே கேளுங்க, அபசகுனமா நினைக்காதீங்க.

அக்ரெடிட்டேஷனையும் ஒரு தடவை பாத்துருங்க. கேப்டிதான் இங்க பிடி ப்ரோக்ராமுக்கு அங்கீகாரம் குடுக்கிற அமைப்பு. புதுசா ஆரம்பிக்கிற ஸ்கூல் "கேண்டிடேட்"னு போட்டிருக்கும், அது முழு அங்கீகாரம் இல்ல, கிடைக்கும்னு உறுதியும் இல்ல, கிடைக்காமப் போனா லைசென்ஸ் பரீட்சை எழுதறதே சிக்கலாயிடும். கேப்டி வெப்சைட்ல பேரைப் போட்டா ரெண்டு நிமிஷம். அப்படியே அது பிடி ப்ரோக்ராமா, பிடி அசிஸ்டன்ட் ப்ரோக்ராமான்னும் பாத்துக்கோங்க. அசிஸ்டன்ட் ரெண்டு வருஷ அசோசியேட் டிகிரி, "அதை முடிச்சிட்டு அப்படியே மேல போயிடலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்த கிரெடிட்ல பெரும்பாலானது டிபிடிக்குப் பயன்படாது.

பாட்லக் அம்மா மறுநாளே வாட்ஸ்அப்ல லெட்டரை அனுப்பிட்டாங்க, நாலு பக்கம். மூணாவது பக்கத்துல "ப்ரீரெக் சயின்ஸ் பாடங்களை இந்த யுனிவர்சிட்டியிலேயே எடுக்க வேண்டும்"னு ஒரு வரி. பொண்ணு சம்மர்ல வீட்டுப் பக்கத்து கம்யூனிட்டி காலேஜ்ல ஃபிசிக்ஸுக்கு ரெஜிஸ்டர் பண்ணி ஃபீஸும் கட்டியிருந்தா. ட்ராப் பண்ணிட்டா, ஃபீஸ்ல பாதி திரும்ப வந்துச்சாம்.