பாஸ் சவுண்டை வச்சு மெழுகுவத்தியை அணைக்கிறது எப்படி

ஹோம் தியேட்டர் செட்ல பாஸ் சவுண்டுக்குன்னே தனியா ஒரு பெட்டி, சப்வூஃபர் இருக்கும்ல, அது இருந்தா போதும். போன் ஸ்பீக்கரெல்லாம் வேலைக்கு ஆகாது, 50 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 50 தடவை அதிர்ற அடி சவுண்ட்லாம் அதுல உருப்படியா வராது. பெட்டில காத்து வர்ற ஓட்டை இருந்தா அதுக்கு நேரா மெழுகுவத்தியை ஒரு ஜாண் தள்ளி வைங்க, ஓட்டை இல்லைன்னா அட்டையை புனல் மாதிரி சுருட்டி ஸ்பீக்கர் முன்னாடி டேப் போட்டு ஒட்டிடுங்க, அகலமா வர்ற காத்து குறுகலான வாய் வழியா வரும்போது வேகம் கூடும். முன்னாடி இருக்க துணி கிரில்லை கழட்டிடுங்க, அது பத்திக்கிச்சுன்னா வேற கதை. பக்கத்துல ஒரு பக்கெட் தண்ணியும் இருக்கட்டும்.

அப்புறம் போனை அந்த செட்டோட கனெக்ட் பண்ணி, அதுல டோன் ஜெனரேட்டர் ஆப் (நாம சொல்ற ஹெர்ட்ஸ்ல சவுண்ட் விடற ஆப்) போட்டு, சைன் வேவ்னு இருக்கற ஒரே சீரான சவுண்டை செலக்ட் பண்ணி 40 ஹெர்ட்ஸ்ல சின்ன வால்யூம்ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துங்க. தீ முதல்ல ஆடும், சாயும், அப்புறம் பொசுக்குன்னு போயிடும். போகலைன்னா 30ல இருந்து 60க்குள்ள மாத்தி மாத்தி பாருங்க, ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு இடத்துல நல்லா தள்ளும். ஸ்பீக்கர் டப் டப்னு அடிச்சா உடனே குறைங்க, கிழிஞ்சிடும்.

இங்க வேலை செய்யறது காத்து முன்னும் பின்னும் போயிட்டு வர்ற தூரம். அதுல தீ திரியை விட்டு நகந்துடுது. அதே வால்யூம்ல 1000 ஹெர்ட்ஸ் வச்சா காத்து நகர்ற தூரம் ரொம்ப கம்மி, காது தான் வலிக்கும், தீ ஜம்முனு எரியும். அமெரிக்காவுல ஜார்ஜ் மேசன் யுனிவர்சிட்டில சேத் ராபர்ட்சன், வியட் ட்ரான்னு ரெண்டு இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்ஸும் ரொம்ப ஹை ஃப்ரீக்வன்சில முயற்சி பண்ணி ஒண்ணும் ஆகாம, கடைசில 30-60 ஹெர்ட்ஸ்க்கு வந்து தான் 2015ல கையில தூக்கற மெஷினாவே செஞ்சு காட்டினாங்க. அதுக்கு முன்னாடியே அமெரிக்க ராணுவத்தோட ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா 2012ல ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் வச்சு எரியற திரவ எரிபொருளை அணைச்சு வீடியோ விட்டுச்சு, ஆனா பெரிய தீக்கு அதை கொண்டு போறது அவங்களுக்கே கஷ்டமா தான் இருந்துச்சு.

காரணம் சிம்பிள், சத்தம் எதையும் குளிர வைக்காது. விறகோ கரியோ கனன்னுகிட்டு இருந்தா ஸ்பீக்கரை ஆஃப் பண்ணதும் திரும்ப பத்திக்கும். அதனால மெழுகுவத்தியோட நிறுத்திக்கோங்க. வாணலில எண்ணெய் பத்திக்கிச்சுன்னா கேஸை ஆஃப் பண்ணிட்டு தட்டு போட்டு மூடுங்க, தண்ணி ஊத்தாதீங்க, ஆறுற வரைக்கும் திறக்காதீங்க.