ரிமோட் புல்வெட்டி மெஷின் செய்யப் போறீங்களா? முதல்ல அது எப்படி நிக்கும்னு டிசைன் பண்ணுங்க

மேடும் சரிவுமா இருக்கற இடத்துல புல்வெட்டியைக் கையால தள்ளிட்டு நடக்கறது ஆபத்து, கால் வழுக்குனா நேரா ப்ளேடுக்கிட்டதான் போகும். தூரமா நின்னு ரிமோட்ல ஓட்டுறதுக்கு உண்மையான தேவை அங்கதான் இருக்கு. ஆனா 45 சென்டிமீட்டர் ப்ளேடு 3000 ஆர்பிஎம்ல சுத்துனா அதோட நுனி செகண்டுக்கு 70 மீட்டர் வேகத்துல போகுது, மணிக்கு 250 கிலோமீட்டர். அதனால மோட்டார் என்ன, பேட்டரி என்னன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி, சிக்னல் போனா இது எப்படி நிக்கும்ங்கறதத்தான் பேப்பர்ல முதல்ல வரையணும்.

வெட்டுற பகுதிய புதுசா செய்யாதீங்க. கையால தள்ளுற பெட்ரோல் மெஷின் பழசு ஒண்ணு வாங்கி, அதோட டெக் (ப்ளேடை மூடியிருக்கற கூடு), எஞ்சின், ப்ளேடு மூணையும் அப்படியே உங்க மெஷினோட ஃப்ரேம்ல மாட்டுங்க. கைப்பிடியில ஒரு லிவர் இருக்கும் பாருங்க, அதை விட்டதும் எஞ்சின் ஆஃப் ஆகி ப்ளேடுக்கும் பிரேக் விழும். அமெரிக்கால 1982ல இருந்தே இந்த மாதிரி மெஷின்ல கைய எடுத்த 3 செகண்டுக்குள்ள ப்ளேடு நிக்கணும்னு சட்டம் இருக்கு. நீங்க கைப்பிடிய அறுத்து எறியும்போது அந்தப் பாதுகாப்பும் சேர்ந்து போயிடக்கூடாது.

அந்த லிவர் கேபிளைப் பிடிச்சு வைக்க நிறைய பேர் லீனியர் ஆக்சுவேட்டர் (மோட்டாரால நீண்டு சுருங்குற தண்டு) போடுறாங்க, அது தப்பு, ஏன்னா கரன்ட் போனா ஆக்சுவேட்டர் இருந்த இடத்துலயே நின்னுடும், லிவரும் இழுத்தபடியே இருக்கும், எஞ்சின் ஓடிட்டே இருக்கும். அதுக்குப் பதிலா கதவுக்குப் போடுற மேக்னெட் லாக் போடுங்க. கையால லிவரை அழுத்தி மேக்னெட்ல ஒட்ட வைக்கணும், கரன்ட் போன உடனே ஸ்ப்ரிங் இழுத்துக்கும். இதுல ப்ளேடை ரிமோட்ல ஸ்டார்ட் பண்ண முடியாது, பக்கத்துல போய்தான் பண்ணணும், அது நல்லதுதான். கூடவே எஞ்சினோட கில் வயரை (எர்த் ஆனா எஞ்சினை நிறுத்துற வயர்) ஒரு ரிலேயோட, அதாவது கரன்ட்ல இயங்குற சுவிட்சோட, நார்மலி க்ளோஸ்டு கான்டாக்ட் (கரன்ட் இல்லாதப்ப சேர்ந்தே இருக்கற முனை) வழியா பாடிக்கு எர்த் பண்ணிடுங்க, ரிலேக்கு கரன்ட் இல்லேன்னா ஸ்பார்க் நிக்கும். அந்த கில் வயர்ல பேட்டரி வோல்ட் தப்பித் தவறிக்கூட படக்கூடாது, இக்னிஷன் காயில் எரிஞ்சிடும்.

இப்ப சக்கரம். மொத்தம் 50 கிலோ, 20 டிகிரி ஏத்தம்னு வெச்சுக்குவோம். மேல ஏற சுமார் 168 நியூட்டன், புல்லோட இழுவைக்கு இன்னொரு 46, ஆக 214. 30 சென்டிமீட்டர் சக்கரம்னா ஒரு மோட்டாருக்கு 16 நியூட்டன் மீட்டர் வரும், நின்ன இடத்துல திரும்பும்போது இன்னும் கூடும், அதனால ரெண்டு மடங்கா கணக்குப் போடுங்க. 24 வோல்ட் 250 வாட் வீல்சேர் மோட்டார் ரெண்டு இதுக்கு சரியா இருக்கும். அதை நேரா மாட்டுனா புல்லுக்கு வேகம் ஜாஸ்தி, செயின் ஸ்ப்ராக்கெட்ல பாதியா குறைச்சா வேகமும் அடங்கும், இழுவையும் கூடும். இன்னொரு லாபம், இந்த மோட்டார்கள் பலதுல தடிமனான ரெண்டு வயரோட மெல்லிசா ரெண்டு வயர் வரும், அது பிரேக்குக்கு. கரன்ட் குடுத்தாதான் பிரேக் விடும், நிறுத்துனா கப்புன்னு பிடிச்சுக்கும், சரிவுல இதைவிட நல்ல விஷயம் கிடையாது.

பின்னாடி ரெண்டு டிரைவ் சக்கரம், முன்னாடி சுழல் சக்கரம் போதும். ஆனா சரிவுக்குக் குறுக்கே போகும்போது மூக்கு கீழ்ப்பக்கம் இழுத்துட்டுப் போகும், அதனால பாதிக்கு மேல எடை டிரைவ் சக்கரத்து மேல விழற மாதிரி பேட்டரிய வைங்க, முடிஞ்ச அளவு தாழ்வா. எஞ்சின் எத்தனை டிகிரி வரைக்கும் சாயலாம்னு அதோட மேனுவல்ல பாத்துக்கோங்க, அதைத் தாண்டுனா ஆயில் போய்ச் சேராம எஞ்சின் ஜாமாயிடும்.

ரிமோட்டுக்கு ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 மாதிரி 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டு போதும், மோட்டாரோட வேகத்தைக் கட்டுப்படுத்துற மோட்டார் டிரைவர் போர்டு ஒரு சேனலுக்கு 30 ஆம்பியராவது தாங்கணும். ஒரு சுவிட்ச் சேனலை தனியா ஒதுக்கி அதுல ஒரே ஒரு சேஃப்டி ரிலே. மோட்டார் சப்ளையோட கான்டாக்டர் (அதிக கரன்ட் தாங்குற பெரிய ரிலே), பிரேக், மேக்னெட், கில் ரிலே எல்லாத்துக்கும் கரன்ட் அது வழியாத்தான் போகணும், நடுவுல சிவப்பு எமர்ஜென்சி பட்டன் ஒண்ணு. ரிசீவர் ஃபெயில்சேஃப்ல (சிக்னல் போனா என்ன பண்ணணும்ங்கற செட்டிங்) அந்தச் சேனல் ஆஃப், ஸ்டிக் ரெண்டும் நடுவுலன்னு செட் பண்ணுங்க, செட் பண்ணாம விட்டா சில ரிசீவர் கடைசியா வந்த சிக்னலையே பிடிச்சுட்டு ஓடும். எஞ்சினோட ஸ்பார்க்கும் ரிசீவரைக் குழப்பும், ரெசிஸ்டர் உள்ள ப்ளக் போட்டு ரிசீவரை எஞ்சினை விட்டுத் தள்ளி வைங்க.

டெஸ்ட் பண்ணும்போது ப்ளேடைக் கழட்டிட்டு, சக்கரம் தரையில படாம கட்டை மேல ஏத்தி, லிவரை மேக்னெட்ல ஒட்ட வெச்சு, சக்கரத்தை மட்டும் ஓட விட்டு ரிமோட்டை ஆஃப் பண்ணுங்க. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீங்க, இந்த மாதிரி எஞ்சின் பலதுக்கு ப்ளேடும் ஃப்ளைவீல் (சுழற்சியைச் சீரா வைக்கற எடைச் சக்கரம்) மாதிரி, அது இல்லாம ஸ்டார்ட் பண்ணா உதைக்கும். சக்கரம் நிக்கணும், மேக்னெட் லிவரை விடணும், கில் ரிலே கில் வயரை எர்த் பண்ணணும். மூணுல ஒண்ணு நடக்கலைன்னாலும் ப்ளேடு மாட்டாதீங்க. அடுத்து ரிசீவர் வயரைப் பிடுங்கிப் பாருங்க, அப்புறம் பேட்டரிய. மூணுலயும் நின்னா, ப்ளேடு இல்லாமலேயே சரிவுல ஏத்தி இதே டெஸ்ட்டை திரும்பப் பண்ணுங்க.