மாமா வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டதா? கடல் தாண்டி இருந்தே சரிசெய்யலாம்

"சிஸ்டம் ஆன் ஆகவே கால் மணி நேரம் ஆகுதுப்பா" என்று கீழக்கரையிலிருந்தோ தங்கச்சிமடத்திலிருந்தோ போன் வந்தால், புதுக் கணினி வாங்கிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். அநேகமாகக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: பழைய ஹார்ட் டிஸ்க், தானாகக் கிளம்பும் மென்பொருள்கள், உண்மையில் ரீஸ்டார்ட்டே ஆகாத விண்டோஸ். பின்னிரண்டையும் நீங்கள் இருக்கும் இடத்திலிருந்தே முடிக்கலாம். முதலாவதற்கு மட்டும் ஊரில் ஒரு கை வேண்டும்.

இது விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கானது.

உட்காரும் முன்

துபாய் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். இருவருக்கும் தோதாக, அவசரமில்லாத இரண்டு மணி நேரத்தை ஒதுக்குங்கள். அன்று ஊரில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். விண்டோஸ் அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் கணினி எழாமலே போகலாம். யு.பி.எஸ் இருந்தாலும் பேட்டரி மாற்றி மூன்று வருடம் ஆகியிருந்தால் அதை நம்பாதீர்கள்.

போன் தனியாக ஸ்பீக்கரில் இருக்கட்டும். இது கட்டாயம், ஏன் என்பது படி 2-இல் தெரியும்.

படி 1: முதல் இணைப்பு

முதல்முறைக்கு, தூரத்துக் கணினியின் திரையைப் பார்த்து உதவ விண்டோஸிலேயே இருக்கும் குவிக் அசிஸ்ட் போதும். மாமாவை எதையும் டவுன்லோடு செய்யச் சொல்லாதீர்கள். தேடப்போய் விளம்பர லிங்கை அழுத்தி வேறெதையாவது போட்டுவிடுவார்.

உங்கள் கணினியில் குவிக் அசிஸ்டைத் திறந்து, உதவி செய்பவருக்கான பொத்தானை அழுத்தி, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையுங்கள். ஆறு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். அது 10 நிமிடம்தான் செல்லும். ஆகவே முதலில் மாமாவின் திரையில் குவிக் அசிஸ்டைத் திறக்கவைத்துவிட்டு, அதற்குப் பிறகு குறியீட்டை எடுங்கள்.

போனில் இப்படிச் சொன்னால் புரியும்: "மாமா, இடது கை ஓரத்துல கீழ கன்ட்ரோல்னு ஒரு கட்டை இருக்கும். அதுக்குப் பக்கத்துல நாலு கட்டம் போட்ட ஜன்னல் மாதிரி ஒண்ணு. ரெண்டையும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு கியூ எழுத்தைத் தட்டுங்க." அவருக்கு எந்தக் கணக்கும் தேவையில்லை. குறியீட்டைப் போட்டு அனுமதி கொடுத்தால் திரை உங்களுக்குத் தெரியும். மவுஸ் உங்கள் கைக்கு வர நீங்கள் தனியாக வேண்டுகோள் அனுப்ப வேண்டும், அவர் மறுபடி ஒருமுறை அனுமதிக்க வேண்டும். இரண்டு அனுமதி என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 2: திரை கறுப்பாகும் இடம்

பலர் வேலையைப் பாதியில் விடுவது இங்கேதான். நீங்கள் ஒரு மென்பொருளை நிறுவவோ நீக்கவோ போனதும் உங்கள் திரை முழுக்கக் கறுத்துவிடும். நெட் போய்விட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். உண்மையில் அந்த நேரத்தில் மாமாவின் திரை மங்கலாகி, நடுவில் "இந்த மாற்றத்தை அனுமதிக்கிறீர்களா" என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி நிற்கும். பயனர் அனுமதி கேட்கும் அந்தப் பெட்டியை விண்டோஸ் தனித் திரையில் காட்டுகிறது. வெளியிலிருந்து யாரும் அவர் சார்பில் ‘எஸ்’ அழுத்திவிடக் கூடாது என்பதற்காக அமைந்த பாதுகாப்பு அது.

அவருக்கு அது என்னவென்று தெரியாது. திரை மங்கியதும் கணினி நின்றுவிட்டது என்று சுவிட்சையே அணைத்துவிடுவார். அதனால் ஒவ்வொரு முறையும் கறுப்பாவதற்கு முன்பே சொல்லுங்கள்: "இப்ப ஒரு பெட்டி வரும் மாமா, இடது பக்கம் ‘எஸ்’ இருக்கும், அதை அமுக்குங்க." பெட்டி வரவில்லை என்றால் கீழே டாஸ்க்பாரில் கேடயம் போன்ற ஒரு ஐகான் மின்னிக்கொண்டிருக்கும். அதைத் தட்டினால் பெட்டி மேலே வரும். பெட்டி பாஸ்வேர்டு கேட்டால், அவர் பயன்படுத்துவது அட்மின் கணக்கு அல்ல. கணினியை அமைத்துக் கொடுத்தவரிடம் அந்தப் பாஸ்வேர்டை வாங்காமல் மேலே போக முடியாது.

இந்தத் தொல்லைக்காக அந்த அனுமதிக் கேள்வியையே அணைத்துவிடச் சொல்லும் காணொளிகள் உண்டு. செய்யாதீர்கள். பெரியவர்களின் கணினிக்கு இருக்கும் கடைசிக் கதவு அதுதான்.

படி 3: அடுத்த முறைக்கான சாவி

மாதாமாதம் குறியீடு வாசிக்கவைப்பது அவருக்கும் சிரமம். குறியீடு இல்லாமலே தூரத்திலிருந்து நுழையவிடும் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பை நிறுவிவிடுங்கள். இதே வகை மென்பொருள்களான எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க் இரண்டும் வேலை செய்யும். ஆனால் குடும்பப் பயன்பாட்டுக்கு என் தேர்வு குரோம்தான். இலவசம், குறைந்தது ஆறு இலக்க ரகசிய எண், நீங்கள் போனிலிருந்தும் நுழையலாம். பின்னணியில் இயங்கும் சர்வீஸாக நிறுவப்படுவதால் படி 2-இன் கறுப்புத் திரையும் தொல்லை தராது.

உங்கள் அன்றாட கூகுள் கணக்கை அவர் குரோமில் போடாதீர்கள். உங்கள் புக்மார்க்கும் பாஸ்வேர்டுகளும் அங்கே போய் உட்கார்ந்துவிடும். இதற்கென்றே ஒரு கணக்கு திறந்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். பவர் அமைப்பில் ஸ்லீப்பை ‘ஒருபோதும் இல்லை’ என்று வையுங்கள். தூங்கும் கணினிக்குள் நுழைய முடியாது.

இத்துடன் மாமாவுக்கு ஒரு உறுதியான விதி: நீங்கள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது தவிர, வேறு யார் கேட்டாலும் குறியீடு கொடுக்கக் கூடாது, எதையும் நிறுவக் கூடாது. எனிடெஸ்க் வழியாக நடக்கும் வங்கி மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2019-இல் எச்சரித்தது. பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டச் சொல்லுங்கள்.

படி 4: அளந்து பாருங்கள், பிறகு கை வையுங்கள்

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றும் சேர்ந்தால் டாஸ்க் மேனேஜர். பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மூன்று இடம் பாருங்கள்.

சி.பி.யு பகுதியில் ‘அப் டைம்’. தினமும் இரவு அணைக்கிறேன் என்பார் மாமா. அது 40 நாள் என்று காட்டும். அவர் பொய் சொல்லவில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் உட்பகுதியை டிஸ்கில் சேமித்துவைத்து மறுநாள் அதையே எழுப்புகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகும். டிஸ்க், சுழலும் தட்டு இல்லாத வேகமான எஸ்.எஸ்.டி வகை என்றால் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் விட்டுவிட்டு, வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யப் பழக்குங்கள்.

டிஸ்க் பகுதியில் வகை எழுதியிருக்கும். ஹார்ட் டிஸ்க் என்று இருந்து, ஆன் செய்து பத்து நிமிடம் கழித்தும் 100 சதவீதத்திலேயே நின்றால், குற்றவாளி அதுதான். மெமரி பகுதியில் எத்தனை ஸ்லாட்டில் ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) இருக்கிறது, என்ன வேகம் என்பது தெரியும். 1600 என்றால் பெரும்பாலும் டி.டி.ஆர்.3 வகை ரேம்; 2400, 2666, 3200 என்றால் டி.டி.ஆர்.4 வகை. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது நுழையாது. இதைக் குறித்துக்கொள்ளாமல் கடைக்கு அனுப்பாதீர்கள்.

படி 5: சுத்தம்

ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பக்கத்தில் அரட்டைச் செயலி, பிரின்டர் அப்டேட்டர், கேம் லாஞ்சர் எல்லாவற்றையும் நிறுத்தலாம். விண்டோஸ் செக்யூரிட்டி, ஆடியோ, டச்பேட் மூன்றிலும் கை வைக்காதீர்கள். லேப்டாப்புடன் வந்து காலாவதியான ஆன்ட்டிவைரஸை முழுதாக நீக்குங்கள். விண்டோஸ் டிஃபெண்டரே போதும்.

"வைரஸ் வந்துடுச்சுன்னு மூலையில காட்டிக்கிட்டே இருக்கு" என்றால் பெரும்பாலும் அது வைரஸ் அல்ல. ஏதோ ஒரு தளத்துக்குக் குரோமில் நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருப்பார். சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் நீக்கினால் நின்றுவிடும்.

இடம் காலி செய்ய: செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ். அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அதை டிக் செய்யவே கூடாது. பட்டா நகல், பாஸ்போர்ட் ஸ்கேன், பேரனின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பிராசஸர் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்து, டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருந்தால் 11-க்கு மாற்றுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில்தான் நெட் என்றால் அந்த வைஃபையை முதலில் ‘மீட்டர்டு’ (அளவான டேட்டா உள்ள இணைப்பு) ஆக்குங்கள். இல்லாவிட்டால் அப்டேட்டே அன்றைய டேட்டாவை விழுங்கிவிடும்.

ஊரில் கை வேண்டிய வேலை

ஹார்ட் டிஸ்கை 256 ஜி.பி சாட்டா (ஹார்ட் டிஸ்கின் அதே இணைப்பில் பொருந்தும் வகை) எஸ்.எஸ்.டியாக மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம். மேலே சொன்ன சுத்தம் எல்லாம் அதன் பக்கத்தில் கூட வராது. ராமநாதபுரம் கடைக்கு அனுப்பும் முன் கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுங்கள். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதென்றால் அதன் மீட்புச் சாவியையும் சேமியுங்கள்.

கடலோரத்துக்கு என்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உப்பும் மணலும் ஜன்னல் வழியே உள்ளே வரும். ரேமின் தொடுமுனைகளில் படலம் படியும்; ஆன் செய்தால் ‘பீப்’ சத்தம் மட்டும் வரும், திரை வராது. வீடியோ காலில் வழிகாட்டலாம்: பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து, ரேமைக் கழற்றி, பொன்னிற முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்து, துணியால் துடைத்து, ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்தச் சொல்லுங்கள். கேபினெட் கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே இருக்கக் கூடாது. ஓடும்போது துணி போட்டு மூடவும் கூடாது. வாரக்கணக்கில் அணைத்தே வைப்பதைவிடத் தினமும் ஒரு மணி நேரம் ஓடுவது நல்லது. உள்சூட்டில் ஈரம் காய்ந்துவிடும்.

பின்சேர்க்கை: திடீரென்று இணைப்பே கிடைக்காவிட்டால்

எல்லாம் சரியாக இருந்தும் ஒருநாள் மாமாவின் கணினி ‘ஆஃப்லைன்’ என்றே நிற்கும். அவர் குரோமிலோ எந்தத் தளமும் திறக்காமல், இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று வரும். நெட்காரரைக் கூப்பிடும் முன், திரையின் மூலையில் என்ன தேதி என்று கேளுங்கள். பல வருடம் பின்னால் இருந்தால், மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறினால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் செல்லுபடியாகாது. உங்கள் ரிமோட் இணைப்பும் அதில் அடக்கம்.

அன்றைக்குக் கடிகாரத்தை ரைட் கிளிக் செய்து தேதியைக் கையால் சரிசெய்யச் சொல்லுங்கள், உள்ளே நுழைந்துவிடலாம். ஆனால் பிளக்கைப் பிடுங்கினால் மறுபடி பழைய தேதிக்கே போகும். வாட்ச் கடையில் அந்தப் பேட்டரி கிடைக்கும். கூட்டல் குறி மேலே தெரியும்படி போட வேண்டும். பிடிப்பில் பச்சைக் களிம்பு இருந்தால் முதலில் துடைக்க வேண்டும். லேப்டாப் என்றால் இது வயர் வைத்த பேட்டரியாக இருக்கலாம், கடையிலேயே மாற்றட்டும். மாற்றியதும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும். கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி முன்பு வைத்திருந்தால், அதை மறுபடி போட்டுக் கொடுக்க மறக்காதீர்கள்.