எல்லாம் சரி, முத்துதான் படத்தில் விழவில்லை

யோகான்னஸ் வெர்மீர் 1665 வாக்கில் வரைந்த ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ ஓவியம் மாதிரி ராயபுரம் வீட்டில் என்னையே படம் எடுத்தேன். நீலத் துப்பட்டா, மஞ்சள் துண்டு, பின்னால் கறுப்புப் புடவை, படத்தின் இடப்பக்கம் ஜன்னல். முத்து மட்டும் சட்டைப் பொத்தான் மாதிரி தட்டையாக வெளுத்துக் கிடந்தது.

ஃப்ளாஷ் போட்டால் நடுவில் ஒரு புள்ளி. டியூப் லைட்டில் வெள்ளைக் கோடு. எம்.சி. ரோட்டில் பெரிய கவரிங் தோடு வாங்கியும் பணம்தான் போச்சு.

அப்புறம் ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முத்துக்குக் கொக்கியே இல்லை! மேலே அழுத்தமான ஒரு வெள்ளைத் தீற்று. கீழே மங்கலான ஒளி, அது அவளுடைய வெள்ளைக் காலரின் பிரதிபலிப்பு. நடுவில் இருட்டு. வெள்ளை மணியில் அந்த இருட்டு எப்படி வரும்?

அறையின் இருட்டைக் கண்ணாடி மாதிரி காட்டட்டும் என்று, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் சின்ன வெள்ளி நிற உருண்டையைக் கறுப்பு நூலில் கட்டிக் காதில் தொங்கவிட்டேன். கழுத்தில் வெள்ளைக் கைக்குட்டையை மடித்துச் செருகியதும் கீழ் ஒளி வந்துவிட்டது. ஆனால் உருண்டைக்குள் ஜன்னல் கம்பிகள் வரி வரியாகத் தெரிந்தன. ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டி, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, டைமர் வைத்தேன். முத்து வந்தது, அப்பாடா.

முன் கேமராவில் எடுப்பவர்கள் செட்டிங்கில் மிரர் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இடம் வலம் மாறிவிடும்.