இஸ்ஸே மியாகேவைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே 2022 ஆகஸ்ட் 5 அன்று, தம் 84ஆம் வயதில் மறைந்தபோது, இரங்கல் குறிப்புகள் பலவற்றில் ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸ் வழக்கமாக அணிந்த கறுப்புச் சட்டையே முன்னால் வந்து நின்றது. அதைத் தைத்துக் கொடுத்தவர் மியாகேதான். ஆனாலும், 1970இல் டோக்கியோவில் சொந்த வடிவமைப்புக் கூடம் தொடங்கி அவர் செய்த உழைப்பை ஒரு வாடிக்கையாளரின் சட்டைக்குள் அடக்கிவிடுவது பெருந்தவறு.

அடுத்த தவறு, 1993இல் 'பிளீட்ஸ் பிளீஸ்' என்ற பெயரில் வந்த அவருடைய மடிப்பு ஆடைகளைப் பற்றியது. ஏற்கெனவே மடிப்பு வைத்த துணியை வெட்டித்தான் அவற்றைத் தைக்கிறார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள், நடப்பதோ நேர்மாறு. உடுத்தும் அளவைப் போல ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாக ஆடையை முழுவதும் தைத்து முடித்த பிறகே, அதை இரண்டு தாள்களுக்கு நடுவில் வைத்து, சூடும் அழுத்தமும் தரும் இயந்திரத்துக்குள் செலுத்துகிறார்கள். வெளியே வரும்போது அது மெல்லிய வரிவரியான மடிப்புகளோடு உடலளவுக்குச் சுருங்கியிருக்கும். சூட்டில் இளகி, ஆறும்போது கிடைத்த வடிவத்தில் நிலைத்துவிடுவது இந்த ஆடைகளுக்கான பாலியெஸ்டர் துணியின் குணம். பருத்திக்கு அது கிடையாது. நம் புடவைக் கொசுவம் அவிழ்த்தால் கலைந்துவிடும், இந்த மடிப்போ துவைத்தாலும் கலையாது. ஆகவே, செயற்கை இழை என்றாலே மட்டம் என்று ஒதுக்குபவர்கள் மியாகேவின் கற்பனை வேலை செய்த இடத்தையே தவறவிடுகிறார்கள். இந்த ஆடைகளுக்கு இஸ்திரியும் தேவையில்லை, சுருட்டி வைத்தாலே போதும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, அவருடைய படைப்புகள் அனைத்தையும் ஹிரோஷிமாவின் காயமாகவே வாசிக்கும் வழக்கம். 1945இல் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு வயது ஏழு. கதிர்வீச்சின் பாதிப்பால் மூன்றாண்டுகளுக்குள் தாயையும் இழந்தார். அணுகுண்டுக்குத் தப்பிய வடிவமைப்பாளர் என்ற அடையாளம் தம்மேல் ஒட்டிக்கொள்ள வேண்டாம் என்றே பல்லாண்டுகள் அதைப் பேசாதிருந்து, 2009இல் அமெரிக்க அதிபர் ஒபாமாவை ஹிரோஷிமாவுக்கு அழைக்கும் கட்டுரையில்தான் வெளிப்படையாக எழுதினார். அந்த மௌனத்தையும் நாம் மதிக்க வேண்டும்.

அவரைத் தனியொரு மேதையாக மட்டும் காட்டுவதும் சரியன்று. துணி வடிவமைப்பாளர் மகிகோ மினகாவா நெடுங்காலம் அவரோடு உழைத்தார். 1998இல் தொடங்கிய 'ஏ-பாக்' ('ஒரு துண்டுத் துணி' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம்) முறையை மியாகே, வடிவமைப்பாளர் டாய் ஃபுஜிவாராவுடன் சேர்ந்தே உருவாக்கினார்: கணினி வழி இயங்கும் இயந்திரம் ஒரே நீளக் குழாயாகத் துணியைப் பின்னித் தரும், அதற்குள்ளேயே சட்டை, பாவாடை ஆகியவற்றின் எல்லைக்கோடுகள் அமைந்திருக்கும். கைநீளம் எவ்வளவு, பாவாடை எதுவரை என்பதையெல்லாம் முடிவு செய்து, கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பவர் அதை உடுத்தப் போகிறவரே.