ஆடு வளர்ப்போர் சங்க இதழில் விளம்பரம் கொடுப்பது எப்படி: செட்டிநாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு

செட்டிநாட்டில் அச்சில் விளம்பரம் கொடுப்பது புதிதல்ல. குடமுழுக்கு மலர், பள்ளி ஆண்டு மலர், பொன்விழா மலர் என்று எது வந்தாலும் "நல்வாழ்த்துகளுடன்" என்று போட்டு, கடைப் பெயரையும் ஊரையும் சேர்த்துக் கொடுத்தால் கடமை முடிந்தது. அது நன்கொடை. அதைப் பார்த்து யாரும் வாங்க வருவார்கள் என்று கொடுப்பவரும் நினைப்பதில்லை. அதே பழக்கத்தில் ஆடு வளர்ப்போர் சங்கத்தின் மாத இதழிலும் "தரமான ஆடுகள் கிடைக்கும், தொடர்புக்கு" என்று போட்டுவிடுகிறார்கள். காசு வீணாவது அங்கேதான். அந்த இதழைப் படிக்கிறவர் பட்டியில் ஆடு வைத்திருப்பவர், வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொல்லிவிடுபவர். "தரமான" என்ற சொல் அவருக்கு எதையும் சொல்லாது. எத்தனை பல், என்ன எடை, எத்தனையாவது ஈத்து (குட்டி போட்ட முறை), என்ன தடுப்பூசி, என்ன விலை என்று அவர் போனில் கேட்கப்போவதை விளம்பரத்திலேயே சொல்லிவிட்டால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி.

இன்னொன்றையும் முன்பே சொல்லிவிட வேண்டும். கறிக்கிடா விற்க இந்த இதழ் ஏற்றதல்ல, அதற்குச் சந்தை இருக்கிறது. பக்ரீத்துக்கு ஒரு வயது நிறைந்த, ஊனமில்லாத கிடா தேடுபவரும், நேர்த்திக்கடனுக்குக் கருங்கிடா தேடுபவரும் இந்த இதழைப் புரட்டுவதில்லை. பொலிகிடா (இனவிருத்திக்கு நிறுத்தும் கிடா), வளர்ப்புக்கான பெட்டைக்குட்டி, சினை ஆடு, தீவனக் கரணை (நடுவதற்கு வெட்டிய தீவனப்புல் தண்டு), கொட்டகைச் சாமான் ஆகியவற்றுக்குத்தான் இங்கே ஆள் உண்டு.

சங்கத்திடம் முதலில் கேட்க வேண்டியவை

இத்தகைய இதழ்கள் பெரும்பாலும் "தனிச்சுற்றுக்கு மட்டும்" என்று அச்சிட்டு வருபவை. எத்தனை பிரதி அச்சாகிறது, எத்தனை பேருக்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் போகிறது என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். உறுப்பினர்கள் எந்தெந்த வட்டத்தில் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. தேவகோட்டைப் பக்கம் இருக்கும் ஆட்டைப் பார்க்கப் பொன்னமராவதியிலிருந்து ஒருவர் வர வேண்டுமானால், அவருக்கு அரை நாள் போய்விடும். அந்தத் தூரத்தை மதித்து எழுத வேண்டும்.

அடுத்தது தேதி. முதல் தேதி வெளிவரும் இதழுக்கு முந்தைய மாதம் 15 முதல் 20-க்குள் விளம்பரத்தைக் கேட்பார்கள். அச்சாகி, மடித்து, தபாலில் போய்ச் சேர இன்னும் சில நாள். நீங்கள் எழுதிக் கொடுத்ததற்கும் முதல் போன் வருவதற்கும் இடையில் மூன்று வாரம் ஓடிவிடும். அதற்குள் வளரும் குட்டி ஒன்றரை, இரண்டு கிலோ ஏறியிருக்கும். ஆகவே எடை போட்டால் எடை பார்த்த தேதியையும் போடுங்கள். இல்லாவிட்டால் நேரில் வந்து தூக்கிப் பார்ப்பவருக்கு எடை வேறாக இருக்கும், மற்றதையும் சந்தேகப்படுவார்.

நடுவில் பின் அடித்த இதழ் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் இருக்க முடியும், 12, 16, 20 என்று. கட்டுரைகள் 14 பக்கத்தில் முடிந்துவிட்டால் ஆசிரியர் இரண்டு பக்கத்தை எதைக் கொண்டாவது நிரப்ப வேண்டும். கடைசி நாளில் கால் பக்கம் மிச்சமிருந்தால் சலுகை விலைக்குக் கொடுப்பார்கள். அதற்குத் தயாராக ஒரு விளம்பரத்தை முன்பே அனுப்பி வைத்திருப்பது நல்லது. உறுப்பினருக்கு இலவச வரி விளம்பரம் (படமில்லாமல் சில வரிகளில் வருவது) உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். ஒரே ஒரு கிடா விற்க அதுவே போதும், கால் பக்கம் வாங்கத் தேவையில்லை.

எந்த மாதம்

வளர்ப்பு ஆடு வாங்குபவர் மேய்ச்சலைப் பார்த்துத்தான் கை வைப்பார். இங்கே முக்கிய மழை வடகிழக்குப் பருவமழை. மழை ஓய்ந்து கண்மாய்க் கரையும் தரிசும் பச்சைகட்டும் மார்கழி, தை மாதங்களில் வாங்கும் எண்ணம் வரும். அதற்கு டிசம்பர், ஜனவரி இதழ்கள் பொருத்தம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குட்டி இடம் மாறினால் சளியும் கழிச்சலும் பிடிக்கும் என்று தெரிந்தவர் அப்போது வாங்கமாட்டார். பங்குனிக்குப் பிறகு வெயில் ஏற ஏற மந்தையைக் குறைப்பவர்தான் அதிகம்.

இனப் பெயர்: உள்ளதை மட்டும்

விளம்பரத்தில் அதிகம் தகராறு வருவது இங்கேதான். கன்னி ஆடு என்றால் கருநிற உடலும், முகத்தில் இரண்டு பக்கமும் கோடும் இருக்க வேண்டும். கோடு வெள்ளையானால் பால்கன்னி, செந்நிறமானால் செங்கன்னி. கொடி ஆடு என்றால் உயர்ந்த கால், வெள்ளை உடலில் கறுப்பு தெறித்திருந்தால் கரும்போரை, சிவப்பு தெறித்திருந்தால் செம்போரை. இவற்றின் சொந்த மண் விருதுநகர், தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கம். அங்கிருந்து ஓட்டிவந்த மந்தை என்றால் எந்த ஊரிலிருந்து என்று எழுதுங்கள். தலைச்சேரி இனம் கேரளத்து மலபாரிலிருந்து வந்தது, நிறத்தை வைத்து மட்டும் அதை உறுதி செய்ய முடியாது. போயர் (தென்னாப்பிரிக்கக் கறி இனம்) கலப்பு என்றால் தாய் எது, தகப்பன் எது என்று சொல்லுங்கள். எதுவும் உறுதியாகத் தெரியாத ஆட்டை "நாட்டு ஆடு" என்று போடுவதில் குறைவு ஒன்றும் இல்லை. அதற்கும் வாங்குபவர் இருக்கிறார். ஒருமுறை பொய் சொன்ன பண்ணை என்று பெயர் வந்துவிட்டால், சங்கத்துக்குள்ளே அந்தப் பெயர் போகாது.

வயதைப் பல்லில் சொல்லுங்கள். பால்பல் என்றால் ஒரு வயதுக்குள். பால்பல் விழுந்து முளைக்கும் நிலைப்பல்லைத்தான் எண்ண வேண்டும்: இரண்டு பல் ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றேகால் வயது, நான்கு பல் இரண்டு வயதை ஒட்டி, ஆறு பல் இரண்டரை முதல் மூன்று. எட்டுப் பல்லும் சேர்ந்தது என்றால் மூன்றரைக்கு மேல். "இளம் ஆடு" என்று எழுதினால் எல்லோரும் எத்தனை பல் என்றுதான் கேட்பார்கள்.

எழுதும் முறை

இரண்டு விளம்பரங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது இப்படி:

"அருமையான தலைச்சேரி கிடா விற்பனைக்கு. ஆரோக்கியமானது. நேரில் வாருங்கள். விலை பேசிக்கொள்ளலாம்."

இரண்டாவது:

"பொலிகிடா. தலைச்சேரி, வெள்ளை, ஆறு பல். 46 கிலோ (ஜனவரி 10, காலை, தீனிக்கு முன்). தாய் மூன்று ஈத்தும் இரட்டைக் குட்டி. எங்கள் மந்தையில் ஒன்றரை ஆண்டு பொலிக்கு நின்றது. இதன் பெட்டைக்குட்டிகள் பருவத்துக்கு வந்துவிட்டதால் கொடுக்கிறோம். ஆட்டுக்கொல்லி ஊசி ஆடியில், துள்ளுமாரி ஊசி ஆவணியில். குட்டிகளையும் பார்க்கலாம். விலை ரூ. … சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் அருகில். மாலை 4 முதல் 6 வரை."

இரண்டாவதில் கொடுக்கும் காரணம் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். நல்ல கிடாவை ஏன் கொடுக்கிறார் என்பதுதான் வாங்குபவரின் முதல் சந்தேகம். மகள்கள் பருவத்துக்கு வந்தால் தகப்பன் கிடாவை மாற்றித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளினக் கலப்பில் குட்டி சிறுத்து, நோஞ்சானாகும். ஆட்டுக்காரர் எவருக்கும் இது புரியும். காரணம் உண்மையாக இருந்தால் அதைவிடப் பலமான வரி இல்லை. கிடா நல்லதா என்பதற்குச் சாட்சி அதன் குட்டிகள், அதனால்தான் "குட்டிகளையும் பார்க்கலாம்". எடை பார்த்த நேரம் ஏன் என்றால், மேய்ந்து தண்ணீர் குடித்து வந்த ஆடு வயிறு நிறைந்து எடை கூடக் காட்டும்.

ஊர்ப் பெயரில் கவனம் வேண்டும். வெறுமனே "திருப்பத்தூர்" என்று போட்டால், பிடிஎஃப் பார்த்துவிட்டு வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து போன் வரும். அங்கேயும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது, 2019-இலிருந்து அது தனி மாவட்டமும்கூட. மாவட்டப் பெயரையும் பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தையும் சேர்த்துவிடுங்கள்.

விலை போடுவதா வேண்டாமா என்று பலர் தயங்குவார்கள். போடுங்கள். விலை இல்லாத விளம்பரத்துக்கு வரும் போன்களில் பாதி விலை விசாரிக்க மட்டும்தான், மீதியில் தரகர்கள் கலந்திருப்பார்கள். குறைத்துக் கேட்பது நம் ஊர் வழக்கம், அதற்கு இடம் வைத்து ஒரு தொகையை எழுதினால் போதும்.

தீவனக் கரணை விற்பவர் எண்ணிக்கையைத் தெளிவாக்க வேண்டும். கம்பு நேப்பியர் தீவனப்புல்லின் கரணையை 60-க்கு 50 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 13,500 கரணை பிடிக்கும். "கட்டு ரூ. இவ்வளவு" என்று போட்டால் கட்டில் எத்தனை என்று தெரியாமல் வாங்குபவர் கணக்குப் போட முடியாது. கட்டில் எத்தனை கரணை, ஒவ்வொன்றிலும் இரண்டு கணு உண்டா, வெட்டிய பிறகு எத்தனை நாளில் கொடுப்பீர்கள் என்று எழுதுங்கள்.

படம்

கறுப்பு வெள்ளை அச்சு என்றால் நிறம் எல்லாம் சாம்பலாகிவிடும். செவலை ஆட்டைச் செம்மண் தரையில் நிறுத்தி எடுத்தால் ஆடும் தரையும் ஒரே சாம்பல், கால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வெள்ளை ஆட்டைச் சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னால் நிறுத்தினாலும் அதே கதி. வெள்ளை ஆட்டுக்கு வேலிமரப் பச்சை, கறுப்பு ஆட்டுக்கு வெளுத்த சுவர், செவலைக்கு வைக்கோல் போர் அல்லது வானம் பின்னால் இருக்கட்டும். அச்சுக்கு அனுப்பும் முன் போனிலேயே படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

காலை ஏழு முதல் எட்டரைக்குள், வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். ஆட்டைப் பக்கவாட்டில் நிறுத்தி, நான்கு காலும் தனித்தனியாகத் தெரியும்படி பார்த்து, குந்தி உட்கார்ந்து ஆட்டின் நடு உடம்பு உயரத்தில் போனைப் பிடியுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் கால் குட்டையாகி, கொடி ஆடுகூடக் குள்ளமாகத் தெரியும். மிக அருகில் போனால் தலை பெருத்து உடல் சிறுக்கும், அதனால் நாலைந்து மீட்டர் தள்ளி நின்று கொஞ்சம் பெரிதாக்கி எடுங்கள்.

8 செ.மீ. அகலத்தில் அச்சாகும் படத்துக்குக் குறைந்தது 950 பிக்சல் அகலம் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், அதிலும் நாலு பேர் கை மாறி வந்தால் ரோமம் எல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். "டாக்குமெண்ட்" ஆக அனுப்புங்கள்.

அளவும் எழுத்தும்

ஏ4 இதழில் ஓரம் போக அச்சுப் பரப்பு ஏறத்தாழ 18-க்கு 26 செ.மீ. கால் பக்கம் என்றால் ஏறத்தாழ 9-க்கு 13. அதில் ஒரு படமும் 40 முதல் 50 சொல்லும்தான் வசதியாக அமரும். அதற்கு மேல் திணித்தால் எழுத்து 9 பாயிண்ட் அளவுக்குச் சுருங்கி, மெய்யெழுத்தின் புள்ளி மையில் அடைந்துபோகும். 11-க்குக் குறையாமல் கேளுங்கள். பிடிஎஃப்பைப் போனில் படிப்பவர்களும் இருப்பதால் தொலைபேசி எண் அதைவிடப் பெரிதாக இருக்கட்டும்.

சில அச்சகங்களில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் பாமினி போன்ற பழைய எழுத்துருவும் ஓடுகின்றன. போனில் நாம் அடிப்பது யூனிகோட், அது அங்கே நேராக ஏறாது. மாற்றி ஏற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி, "கொடி" என்பது "ெகாடி" என்று நிற்கும். அல்லது முழுவதையும் திரும்ப அடிப்பார்கள், அப்போது 46 என்பது 64 ஆகும், "கிடா" என்பது "கிடாரி" ஆகும். ஆடு தேடியவர் பசுவா என்று கேட்டுப் போன் செய்வார். இதற்கு வழி, மெய்ப்பு (அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் படி) பார்க்காமல் அச்சுக்குச் சம்மதிக்காமல் இருப்பது. விளம்பரக் கட்டணம் கட்டும்போதே மெய்ப்பு அனுப்பச் சொல்லி ரசீதில் குறித்துக்கொள்ளுங்கள். மெய்ப்பு வந்ததும் அதில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்து, வீட்டிலுள்ள வேறு ஒரு போனிலிருந்து அழைத்துப் பாருங்கள். வாசித்துச் சரிபார்த்தால் கண் நமக்குத் தெரிந்த எண்ணையே காட்டும், அழைத்தால்தான் தப்பு சிக்கும்.

இதழ் வந்த பிறகு

முதல் பத்து நாள் போன் எடுக்க ஆள் இருக்க வேண்டும். மேய்ச்சலுக்குப் போகிறவர் எண்ணைக் கொடுத்தால் பயனில்லை. ஒரு நோட்டில் தேதி, ஊர், கேட்ட ஆடு என்று குறித்துக்கொண்டே வந்தால், அடுத்த முறை எதை விளம்பரம் செய்வது என்று அதிலேயே தெரியும்.

ஆட்டைப் பார்க்காமலே "முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். பின் எண் போட்டால் காசு உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். விளம்பரத்தில் எண் கொடுத்தவர்களைத் தேடித்தான் இந்த ஆட்கள் வருவார்கள்.

வாங்கிக்கொண்டு போகிறவரிடம் புது ஆட்டை மூன்று, நான்கு வாரம் தனியே கட்டி வைக்கச் சொல்லுங்கள். அவர் மந்தையில் ஏதாவது வந்தால் பழி உங்கள் கிடா மேல்தான் விழும். விற்றதும் அன்றே ஆசிரியருக்குச் சொல்லி, அடுத்த இதழில் அந்த விளம்பரத்தை நீக்கவோ, மிச்சமுள்ள முறைகளுக்கு வேறு ஆட்டின் விவரத்தை மாற்றவோ கேளுங்கள். மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டியிருந்தால் மாற்றிக் கொடுக்கும் கடைசித் தேதியையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.